தலைவர் வரும்வரை மாஸ்டர் இளங்கோ பாடுவார்

பொதுக்கூட்டம் நடத்துகிறவனின் தொழில் பேசுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவன் தொழில், பேச வேண்டியவர் வந்து சேரும்வரை ஜனங்களைக் கலையாமல் உட்கார வைப்பது. மாலை ஐந்து மணி என்று நோட்டீஸ் போட்டிருப்போம். தலைவரின் கார் அப்போதுதான் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். அந்த இடைவெளியில் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று வியர்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சங்கத்தின் சிறு பிரசுரங்கள்தான் எனக்குக் கல்லூரி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விவசாயக் கூலிகளுக்காக நடந்த மறியல்களில் என் கையால் எழுதாத தட்டி குறைவு. இன்றைக்குக் கேட்க ஆளில்லை என்றாலும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் மேடைகளில் பாட்டுக்காரருக்கு ஒரே சட்டம்தான் உண்டு. தலைவரின் கார் ரோட்டுத் திருப்பத்தில் தெரிந்ததும் பாட்டு நின்றுவிட வேண்டும். சரணத்தின் நடுவில் இருந்தாலும் சரி, சொல்லின் பாதியில் இருந்தாலும் சரி. மைக்செட் கன்னியப்பன் மைக்கை வாங்கிக்கொள்வார். கூட்டம் மொத்தமும் எழுந்து மேடைக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்க்கும். 'வாழ்க' ஆரம்பமாகும். அந்தச் சட்டத்துக்குக் கீழே விட்டு விட்டு இருபது வருஷம் பாடியவன் இளங்கோ.

அழுதது போதும்

தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த 1993இல் அவன் என்னைத் தேடி வந்தான். முகையூர்ப் பையன். சின்ன வயதில், செஞ்சிப் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்த கும்பலிலிருந்து கண் பெரிதாக இருக்கிறதென்று அவனைப் பிடித்துப்போனார்கள். சில படங்களில் 'மாஸ்டர் இளங்கோ' என்று பெயர் வந்தது. ஒரு படத்தில் செத்துக் கிடக்கும் அம்மாவை உலுக்கி, "எழுந்திரும்மா, பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிட்டாங்க" என்பான். தியேட்டரில் முந்தானை நனையாத பெண் இல்லை. பிறகு மீசை அரும்பியது, குரல் உடைந்தது, சினிமா அவனைக் கீழே இறக்கிவிட்டது.

என்னிடம் வந்தபோது சொந்தமாக ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டு வைத்திருந்தான். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், குனிந்து களை எடுக்கும் தன் அம்மாவைப் பற்றிய பாட்டு. மெதுவாக ஆரம்பித்து மெல்ல ஏறும் நீளமான பாட்டு. அதை நம் ஜனங்கள் முன்னால் ஒரு தடவை முழுசாகப் பாடிவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றான்.

திண்டிவனத்தில் முதல் மேடை கொடுத்தேன். கூட்டம் அவனைப் பார்த்ததுமே அந்த வசனத்தைக் கேட்டது. பேசினான். அழுதார்கள். மறுபடி கேட்டார்கள். அப்புறம் சினிமாப் பாட்டு கேட்டார்கள். கடைசியில் தன் பாட்டை எடுத்து இரண்டாம் சரணத்துக்கு வந்தான், கார் வந்துவிட்டது. கன்னியப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார். மேடை ஓரம் அவித்த மல்லாட்டை விற்ற அம்மாள், இறங்கி வந்தவன் கையில் ஒரு பொட்டலம் வைத்துச் சொன்னார்: "நல்லாதான தம்பி அழுத, அதோட வுட்ற வேண்டிதுதான? பாட்டெல்லாம் இன்னாத்துக்கு உனுக்கு?"

நோட்டீஸில் ஒரு பெயர்

அதன்பிறகு எங்கள் எல்லா நோட்டீஸிலும் கீழே ஒரு வரி சேர்ந்தது: 'தலைவர் வரும்வரை திரைப்படப் புகழ் மாஸ்டர் இளங்கோ பாடுவார்.' அந்த வரிக்காகவே முகையூரிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். கூலி உயர்வுக்கு என்று நான் எழுதிய பத்திகளை எத்தனை பேர் படித்தார்கள் என்பதை இப்போது யோசிக்காமல் இருப்பது நல்லது.

ஒருமுறை இளங்கோ என்னோடு விழுப்புரம் அச்சகத்துக்கு வந்தான். அவனுக்கு அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தது, தாடிகூட விட்டிருந்தான். 'மாஸ்டர்' வேண்டாம், 'பாடகர் இளங்கோ' என்று போட்டால் போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். நானும் நியாயம்தானே என்று எழுத்தை மாற்றச் சொன்னேன். அச்சகக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எங்கள் இருவரையும் பார்த்தார். எதிரில் நிற்பவன்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. "போட்டுட்றேன் தோழர். ஆனா மாஸ்டர் எப்பவும் வருவாரே, அவுரு இந்த வாட்டி வரலியா?" என்றார்.

கேசட்டு

அவன் மெட்ராஸுக்குப் போனான். நான் தடுக்கவில்லை. கிடார், கீபோர்டு, டிரம்ஸ் என்று நாலைந்து பேர் சேர்ந்து குழு அமைத்தார்கள். அது பாப் பாட்டுக்குக் கொஞ்சம் மவுசு இருந்த காலம். தலைமுடியை வளர்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, டிவியில்கூட வந்தான். அவனைப் பார்க்க எங்கள் சங்க ஆபீசில் டிவி இல்லாததால் எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். கிடாரைத் தூக்கிக்கொண்டு ஒரு மொட்டை மாடியில் நடந்துகொண்டே பாடினான். பாட்டு பாதியில் இருக்கும்போது விளம்பரம் போட்டார்கள்.

ஆல்பம் கேசட்டாக வந்தது. அந்தக் கொல்லைப் பாட்டும் அதில் இருந்தது, தாளத்தை வேகமாக்கி. நீளம் அதிகம் என்று கம்பெனிக்காரர்கள் கடைசிச் சரணத்தை வெட்டிவிட்டார்கள். அட்டையில் இப்போதைய முகம் எடுபடாது என்று சின்ன வயதுப் போட்டோவைப் போட்டுவிட்டார்கள். கண்ணில் நீர் நிற்கிற அதே போட்டோ.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேசட் கடைக்கு ஒருநாள் நானும் அவனும் போனோம். நம்ம ஊர்க்காரன் கேசட் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பின்னால் நின்றான். கடைக்காரர் சலித்துக்கொண்டார்: "பேஜாரு புடிச்ச கேசட்டுங்க. படத்தப் பாத்துட்டு ஜல்தியா வாங்கினு போறாங்க. மறாநாளே தூக்கினு வந்து, ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாத்தோம், பையன் பேசவே மாட்றான், எவனோ பாடிக்கினே கீறான்னு சண்டைக்கு நிக்கறாங்க."

கடலோரம்

இரண்டாவது ஆல்பம் வரவில்லை. குழு கலைந்தது. கிடார் வாசித்தவன் மட்டும் கூட இருந்தான். இளங்கோ திண்டிவனத்துக்கே திரும்பி வந்து, ஒரு மாடி அறையில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் அம்மன் திருவிழாவுக்கு நான் சிபாரிசு செய்து கச்சேரி வாங்கிக் கொடுத்தேன். அங்கே தலைவரும் கிடையாது, காரும் கிடையாது. ரோடே மணலில் முடிந்துவிடும். இங்கே யார் உன்னை நிறுத்துவார்கள் என்று கேட்டேன். சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

வெயில் தாழ்ந்த நேரம். மணலில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வசனம் கேட்டார்கள், சினிமாப் பாட்டு கேட்டார்கள், எல்லாம் முடிந்தது. அவன் தன் பாட்டைத் தொடங்கியதும் ஆச்சரியமாகக் கூட்டம் அடங்கியது. களை எடுக்கிற பாட்டுதான் என்றாலும் குனிந்து குனிந்து முதுகு போனவர்கள் கடலிலும் உண்டு. இரண்டு சரணம் தாண்டினான். மூன்றாவதிலும் ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. அப்போது காற்று திரும்பியது. அலை ஏறி வந்து, காயப்போட்டிருந்த வலைகளைத் தொட்டது. ஒரே நொடியில் ஆணும் பெண்ணும் எழுந்து ஓடினார்கள். இளங்கோவும் மைக்கை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிறு பிடித்தான்.

எல்லாம் மேலே இழுத்து முடித்த பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தட்டினார். "பாட்டு உன்கிட்டயேதான கீது, எப்ப வோணா பாடிக்கலாம். வல போச்சுன்னா நாங்க எங்க போய்த் தேடுவோம்?"

முகையூரில்

அவனுடைய அம்மா இறந்தபோது மாலை எடுத்துக்கொண்டு போனேன். கடைசிவரை கொல்லை வேலைக்குப் போன மனுஷி. முதுகு நிமிராமலே போய்ச் சேர்ந்தார். எத்தனையோ தடவை எங்கள் மறியலுக்கு வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். மகன் பாடுகிற கூட்டத்துக்கு மட்டும் வரமாட்டார். அந்த வசனத்தைக் கேட்கப் பிடிக்காது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

சாவு வீட்டில் வழக்கத்தைவிடக் கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு இத்தனை பேர் பழக்கமா என்று முதலில் நெகிழ்ந்துதான் போனேன். இளங்கோ வீட்டுக்குள்ளிருந்து வந்து பாடை அருகில் நின்றதும் மேளம் அடிக்கிறவர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். ஒப்பாரி வைத்த பெண்களும் நிறுத்தினார்கள். இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று. அவனுக்கும் புரிந்தது. குனிந்து அம்மாவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தான். வெகுநேரம் இருந்தான். பிறகு மேளக்காரர்களைப் பார்த்து அடிக்கச் சொல்லிக் கையை அசைத்தான்.

திரும்பி வரும்போது முன்னால் நடந்த பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "சினிமாவுல எவளோ ஒருத்திக்கு அப்டி அழுதான். பெத்தவளுக்கு ஒரு வார்த்த வாயத் தொறந்தானா பாரு."

கிளியனூர்

புதுச்சேரி ரோட்டை அகலப்படுத்தினபோது வீடு போனவர்களுக்கு மாற்று மனை கேட்டு, கிளியனூரில் ஒரு கூட்டம் போட்டேன். சங்கம் அதற்குள் மூன்றாக உடைந்திருந்தது. இளைஞர்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் வீடு போனவர்கள், வயதானவர்கள். முன்வரிசையெல்லாம் பெண்கள். மைக்செட் மட்டும் அதே கன்னியப்பன்.

இளங்கோ கீபோர்டைத் தானே சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தான். நாற்பதை நெருங்கியிருந்தான். முன்தலையில் முடி இல்லை. அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அதனால் வசனமும் யாரும் கேட்கவில்லை. இரண்டு பழைய பாட்டு பாடி முடித்தபோது எனக்கு போன் வந்தது. தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம், இன்று வர இயலாதாம். இதைக் கூட்டத்திடம் உடனே சொல்லக் கூடாது என்பது தொழிலின் பால பாடம். சொன்னால் கலைந்துவிடும், மனுவில் கைநாட்டு வாங்க ஆள் இருக்காது. மேடை ஓரத்துக்குப் போய் அவன் காதில் மட்டும் சொன்னேன். "அப்டின்னா இன்னிக்கு யாரும் வர மாட்டாங்களாணா?" என்று கேட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பாட்டை எடுத்தான். பழைய வேகத்தில், மெதுவாக.

நான் அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தை அதுவரை கேட்டதே இல்லை. பாட்டு முழுவதும் அம்மா குனிந்தே இருக்கிறாள். மழையிலும் குனிந்தே, காய்ச்சலிலும் குனிந்தே. கடைசிச் சரணத்தில்தான் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கை ஊன்றி, மெல்ல நிமிர்கிறாள். நிமிர்ந்து நின்று வெயிலைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்த இடத்தில் அவன் குரல் ஏறிய உயரம் அவனுக்கு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. முன்வரிசைப் பெண்கள் அசையாமல் இருந்தார்கள். கடைசிச் சொல்லை இழுத்து, இறக்கி, முடித்தான். கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

பாட்டு நின்றதும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. எழுந்த வேகத்தைப் பார்த்து ஒரு கணம் அவனுக்காகத்தான் என்று நானும் நினைத்துவிட்டேன். அவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, புதுச்சேரி ரோட்டைப் பார்த்து நின்றார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர் 'வாழ்க' என்றார், நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கன்னியப்பன் பழக்கத்தில் வந்து மைக்கைக் கழற்றிக்கொண்டார். ரோட்டில் ஒரு கரும்பு லாரி போயிற்று.

இளங்கோ மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் குனிந்து, பாட்டு எப்படி இருந்ததம்மா என்று கேட்டான். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாதாம்பா பாடிக்கினு இருந்த. நீ நிறுத்துனியே, அதான் தலைவரு வந்துட்டாருன்னு எழுந்துக்கினோம். எங்க, ஆளையே காணும்?"

இத்தனை வருஷம் ஊர் ஊராக மேடை போட்டு இந்த ஜனங்களுக்கு நாங்கள் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது, யாரோ வருவார் என்று எழுந்து நின்று ரோட்டைப் பார்ப்பது ஒன்றைத்தான்.