மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சேறு

தொட்டியின் மூலையை மறுபடியும் தேய்த்தாள் பினாயில் அக்கா. பாசியெல்லாம் போய்ச் சிமெண்டு வெளுத்துவிட்டது. முகம் தெரியாத குறைதான். பறவைகள் மீட்பு நிலையத்தில் கூண்டும் தொட்டியும் கழுவும் வேலை அவளுக்கு. பெயர், உடன் வேலை செய்பவர்கள் வைத்தது. அவள் கழுவிய தரையில் செருப்போடு நடந்தவன் அன்று முழுக்க வாங்கிக்கட்டிக்கொள்வான். வீட்டிலும் இதே கூத்து. புருஷன் காபியின் கடைசி வாயை விழுங்குவதற்குள் டம்ளர் கழுவப்பட்டுவிடும்.

இப்போது அவள் உயிரை வாங்குவது ஒரு கரண்டிவாயன். தூண்டில் நரம்பு சுற்றிச் சிறகு கிழிந்து வந்த பறவை. காயம் ஆறிவிட்டது, சாப்பாடுதான் இறங்கவில்லை. தெளிந்த தண்ணீரில் பொடிமீன்கள் துள்ளுகின்றன. இது தேமே என்று நிற்கிறது.

"பெரிய மாப்பிள்ளை இவரு. தட்டுல வச்சா திங்க மாட்டாராம்."

நிலையத்தின் டாக்டர் பெண் குழாய் வழியாக ஊட்டி அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். இது கண்ணால் மீன் தேடும் பறவை இல்லை என்று அவள் விளக்கினாள். கலங்கல் நீரில் அலகைச் சற்றே திறந்து, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். உள்ளே எது தட்டுப்பட்டாலும் டப்பென்று மூடிக்கொள்ளும். தெளிந்த தண்ணீரில் மீன்கள் அலகைப் பார்த்து ஒதுங்கிவிடுகின்றன. சேறு வேண்டும்.

"குழாயிலயே ஓட்ட முடியாதுக்கா. தானா திங்கலன்னா செத்துடும்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தமாக வைத்திருப்பது ஒரு குற்றமா? ஊரில் உள்ள அழுக்கையெல்லாம் விரட்டியவள், அதைத் தானே கொண்டுவந்து கொட்ட வேண்டுமாம். வீம்புக்கு இன்னொரு முறை கழுவிப் புதுத் தண்ணீர் விட்டாள். பறவை நெஞ்செலும்பு துருத்த அப்படியே நின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலைவிடப் பயம்தான் அதிகமாயிற்று.

மதியம் குளத்தோரச் சேற்றை, வேரும் புழுவுமாக, வாளியில் தூக்கிவந்தாள். வழிநெடுக மாப்பிள்ளைக்கு அர்ச்சனை. தொட்டியில் கவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் கலங்கியதும் பறவை மெல்ல இறங்கி, அலகை நீருக்குள் விட்டு இருபுறமும் துழாவத் தொடங்கியது. பாழாய்ப்போன மீன்களோ எதிர்மூலையில் பதுங்கிக் கிடந்தன.

அக்கா மண்டியிட்டு, முழங்கைவரை கையை விட்டு, மீன்களை அதன் பக்கம் விரட்டினாள். டப்பென்று அலகு மூடியது, அவள் விரலின் மேல்.

"அது என் விரலு. மீனைப் புடி."

விரலை உருவிக்கொண்டு, கையை மறுபடியும் சேற்றுக்குள் விட்டாள்.