பீச் மரத்தடியில் இருபத்துநான்கு செடிகள்

ஹனோவரில் இந்தக் கீழ்த்தள வீட்டுக்கு நாங்கள் மாறியது என் மனைவியின் இடுப்புக்காகத்தான். பழைய வீட்டின் முப்பத்தாறு படிகளை அவளால் ஏற முடியவில்லை. இங்கே பின்பக்கம் இரண்டு பீச் மரங்கள்; பழம் தரும் பீச் அல்ல, ஓங்கி வளரும் காட்டு மரம். அவற்றின் கீழே புல்லும் முளைக்காத நிழல். அந்த நிழலில், செப்டெம்பரில், முக்காலியில் இருந்தபடியே இருபத்துநான்கு நுரைப்பூச் செடிகளை நட்டாள். காட்டு மரங்களின் அடியில் வளரும் செடி அது. வசந்தத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை நுரைபோலக் கதிர்விட்டுப் பூக்கும். முன்பெல்லாம் அதைப் பார்ப்பதற்கென்றே பூங்காவுக்கு நடந்துபோவாள். நடை நின்றபிறகு வந்த ஆசை இது.

நவம்பரில் சத்திரசிகிச்சை. அதன்பின் மூன்று கிழமை நடைபயிற்சி நிலையத்தில் தங்கவேண்டும்.

"இஞ்சாருங்கோ, செடியளைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் வரேக்கை ஒண்டும் குறையக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு விளக்குமாற்றோடு போய், விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளினேன். முற்றத்தில் குப்பை கிடந்தால் எனக்குத் தேத்தண்ணீர் இறங்காது, யாழ்ப்பாணத்துப் பழக்கம். பதின்மூன்று நாளில் பதினொரு பை சேர்ந்தது. செடிகளுக்கிடையில் மண் பளிச்சென்று தெரிந்தது.

பதினான்காம் நாள் உறைபனி. காலையில் பார்த்தால், உறைந்து வீங்கிய மண் தள்ளியதில் ஒன்பது செடிகள் வேர் தெரிய எழும்பி நின்றன. உள்ளே போய் இரண்டு தரம் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா வேலியோரம் நின்றார். பைகளைக் காட்டி, அவ்வளவும் அந்தச் செடிகளின் போர்வை என்றார்.

மத்தியானம் மண் இளகியதும் ஒவ்வொரு செடியாகப் பெருவிரலால் அழுத்தி இருத்தினேன். பதினொரு பையையும் கவிழ்த்தேன். பின்னேரம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேரும், ஒரு பிழை விட்டுட்டன்."

"விழுந்து கிழுந்து போட்டியளோ?"

"இல்லையப்பா. இலையைக் கூட்டினனான். ஒன்பது செடி கிளம்பிப் போச்சு."

"கூட்டுற முற்றமெண்டு நினைச்சியளோ?"

"ஓம்."

"காட்டை ஆரும் கூட்டுவினமே?" என்றவள் சிரிக்கத் தொடங்கினாள். "ஐயோ, தையல் நோகுது. பறவாயில்லை எண்டு மட்டும் சொல்லமாட்டன். வாறன், பாப்பம்."

அவள் வந்தபிறகும் குளிர்காலம் முழுக்க நான் இலைகளுக்கடியில் விரலை விட்டு விட்டுப் பார்த்தேன். "படுக்க விடுங்கோ அதுகளை!" என்று அவள் உள்ளிருந்து யன்னலைத் தட்டுவாள்.

மே மாதம் இருபத்தொரு செடிகள் பூத்தன. மூன்று வரவேயில்லை. கைத்தடியோடு முதன்முறையாக மரத்தடிவரை நடந்து வந்தவளுக்கு, நான் அந்த மூன்று வெற்றிடங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அவளால் குனிய ஏலாது. தடியின் நுனியால் ஒரு இடத்தைத் தொட்டாள். பக்கத்துச் செடியிலிருந்து நூல்போல ஒரு சிவந்த கொடி ஓடிவந்து, வெறும் மண்ணில் நகமளவு இரண்டு இலை விட்டிருந்தது.

"தானாய் வருகுது, பாருங்கோ. காலை எடுங்கோப்பா, மிதிக்கப்போறியள்."

காலை எடுத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பூக்களைப் பார்த்தபடி நின்றாள்.