பட்டியலில் இல்லாத நாத்தனார்

இணையப் படிவத்தில் அம்புக்குறியைத் தொட்டால் கீழே இறங்குமே ஒரு பட்டியல், அதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சொந்த ஊரைத் தேடித் தேடிக் கிடைக்காமல், பக்கத்து ஊரைத் தொட்டுவிட்டு வந்தவர்தானே நீங்களும்? அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

முதல் வரி

மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றில், கம்பெனி பஸ்ஸுக்கு யார் எங்கே ஏறுவார்கள் என்று பதிய ஒரு படிவம் கேட்டார்கள். ஊர்களை அகரவரிசையில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே 'தேர்வு செய்க' என்று ஒரு வரி வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பட்டியலைத் திறக்காமலே பொத்தானை அழுத்தியவர்கள் அத்தனை பேரும் முதல் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். முதல் ஊர் அச்சரப்பாக்கம்.

திங்கட்கிழமை காலை அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் டிரைவர் போன் செய்தார். "அண்ணாத்த, லிஸ்ட்ல நாப்பது பேரு கீறாங்க. இங்க ஒரே ஒருத்தரு நின்னுகினு கீறாரு. அவரும் வேற கம்பெனியாம்!"

வந்த காரணம்

மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றுக்கு 'வருகையின் நோக்கம்' என்று பட்டியல் போட்டேன்: சுற்றுலா, தொழில், தேனிலவு. சரிபார்க்கப் போயிருந்த அன்று, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தனியாக வந்த ஒருவர் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "வூட்ல ஒரே பேஜாரு சார். ரெண்டு நாள் தூங்கணும். அதுக்கு எதைத் தொடறது?"

உறவுமுறை

கடலோரக் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் பெண்களுக்கு அடையாள அட்டை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்குக் கணவர், மகன், மகள், பெற்றோர், மற்றவை என்று எழுதியிருந்தேன். செல்வியக்காவின் முறை வந்தது. நாத்தனாரின் நம்பரைச் சொன்னார். உறவைத் தேர்ந்தெடுக்காமல் படிவம் நகரவில்லை.

"'மற்றவை'ன்னு தொடுங்கக்கா," என்றேன்.

நீட்டிய விரலை எடுத்துவிட்டார். "எம் புருசன் போன படகு திரும்பாத அன்னிலேர்ந்து ஒரு நாள் என்னைத் தனியா வுட்டதில்ல அவ. எனக்கு அவ மத்தவங்களா?"

லேப்டாப்பைத் திருப்பி, அங்கேயே 'நாத்தனார்' என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் அதைத் தானே தொட்டார், இரண்டு முறை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அப்படியே ஓர்ப்படியும் சேத்துடு தம்பி, எனக்கு அவதான்."

இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டது, ஜாவாஸ்கிரிப்டில் விட்ட பிழையைத் திரையே காட்டிவிடும், பட்டியலில் நான் விட்டதைக் காட்ட யாராவது வரிசையில் நின்று வாய் திறக்க வேண்டும்.