சிதம்பரம் கழற்றாத நட்டு

சிதம்பரத்துக்கு எதைக் கண்டால்தான் பயமில்லை என்று கேட்டால், ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் இருந்த பத்துப் பதினைந்து தமிழர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். போலீஸ் என்றால் பயம். முத்திரை குத்திய கடிதம் என்றால் பயம். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மனிதர் தாள்களை எடுத்து எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுச் சொந்தக்காரி ஃப்ராவ் லென்ஸ் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் போதும், ரேடியோவை அணைத்துவிட்டுத் தப்புச் செய்தவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் பேய் தெரிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் செட் கம்பெனியிலிருந்து அறுபத்துமூன்றாம் வருஷம் பயிற்சிக்கென்று கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். பயிற்சி முடிந்ததும் பல்கலைக்கழகப் பட்டறையில் வேலை கிடைத்தது, தங்கிவிட்டார். திரும்பவும் கப்பல் ஏறப் பயந்துகொண்டுதான் தங்கிவிட்டார் என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களே தங்கள் ஓட்டைக் கார்களைத் தள்ளிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். பட்டறையின் பின்முற்றத்தில் கார்களைப் பிரித்துப் போட அவருக்கு அனுமதி உண்டு. பயந்த கை பதமாக வேலை செய்யும். ஒன்பது வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட அவர் உடைத்ததில்லை. வாழ்க்கையில் வேறு எதற்கும் பெருமைப்படத் தெரியாத மனிதர், இதற்கு மட்டும் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

எழுபத்திரண்டாம் வருஷத்துப் பொங்கலுக்கு டுசல்டோர்ஃப் நகரத்தில் தமிழர்கள் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை. இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வாசுதேவன், மனைவி வத்சலாவோடும் ஏழு மாதப் பெண் குழந்தையோடும் சனிக்கிழமை காலையே காரில் புறப்படுவதாக ஏற்பாடு. கார் பழைய மாடல், எஞ்சின் பின்பக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணா, என்னமோ புஸ்ஸு புஸ்ஸுனு சவுண்டு வருது. லாங் டிரைவ். கொஞ்சம் செக் பண்ணிடுங்க" என்றான்.

சிதம்பரம் அட்டையை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே பார்த்தார். எஞ்சின் புகையைக் கக்கும் வாயும் புகைக்குழாயும் சேருகிற இடத்தில், புகை கசியாமல் நடுவே அடைக்கும் கேஸ்கெட் கருகிப் போயிருந்தது. சத்தம் அங்கிருந்துதான். சத்தத்தோடு போனால் கவலையில்லை. அந்தக் காரில் ஹீட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. எஞ்சினைச் சுற்றிச் சூடாகும் காற்றைத்தான் குழாய் வழியே உள்ளே ஊதிவிடும். கேஸ்கெட் போனால் புகையும் அதே காற்றோடு உள்ளே போகும். அந்தப் புகைக்கு நிறமும் கிடையாது, பெரிதாக வாசனையும் கிடையாது. தூக்கம் வரும், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது.

புது கேஸ்கெட் போட இரண்டு நட்டைக் கழற்ற வேண்டும். கீழ் நட்டு கண்ணுக்குத் தெரிந்தது, டீசலை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டதும் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது. மேல் நட்டுதான் வினை. தகரத்துக்கும் குழாய்க்கும் நடுவில், விரல் நுனி மட்டுமே எட்டுகிற சந்தில் அது உட்கார்ந்திருந்தது. கண்ணால் பார்க்க வழியே இல்லை. வளைந்த ஸ்பானரை உள்ளே விட்டு, தடவித் தடவி மாட்டி இழுத்தார். அசையவில்லை. சூடு காட்டி இழுத்தார். ஸ்பானர் வழுக்கியது. நட்டின் முனைகள் மழுங்க ஆரம்பித்தது விரலுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தபோது உள்ளிருந்து 'க்ரிக்' என்று ஒரு முனகல் வந்தது.

சிதம்பரம் இழுப்பதை நிறுத்தினார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். முறியப் போகிற போல்ட்டு கடைசியாகப் போடும் சத்தம் அது. முறிந்தால் பாதி போல்ட்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிடும். எஞ்சினையே இறக்கி, துளை போட்டு, மரை வெட்டி... பொங்கலாவது ஒன்றாவது! சிதம்பரமே போல்ட்டை உடைத்துவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேசுவார்கள்.

ஸ்பானரை மெதுவாக வெளியே எடுத்தார். மேல் நட்டை மறுபடி தொடவே இல்லை. கீழ் நட்டைத் திரும்பப் போட்டு இறுக்கினார். கருகிய கேஸ்கெட்டைச் சுற்றி, வெப்பம் தாங்கும் பசையை விரலால் அப்பினார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். சத்தம் நின்றிருந்தது.

"ஆச்சுங்களா?" என்று கேட்டபடி வந்தான் வாசுதேவன். கோவை பாஷையைக் கிண்டல் செய்வது அவன் வழக்கம்.

"ஆச்சுங்க" என்றார் சிதம்பரம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அதை மறைக்க ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, யாரும் கூப்பிடாமலேயே, வழியனுப்பப் போய் நின்றார். ராத்திரி முழுக்க அவருக்கு அவரே சமாதானம் சொல்லியிருந்தார். பசை தாங்கும். தாங்காவிட்டாலும் ஓடுகிற காரில் எந்த இடுக்கிலாவது காற்று வராதா? ஜெர்மன்காரர்கள் பனிகொட்டினாலும் கண்ணாடியை ஒரு விரல் இறக்கித்தான் ஓட்டுகிறார்கள்.

வத்சலா குழந்தையைப் பொட்டலம் மாதிரி சுற்றிப் பின்சீட்டில் கூடைக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். சிதம்பரம் ஜன்னல்களைப் பார்த்தார். நான்கு பக்கமும் பழைய வேட்டியைக் கிழித்து, திரி திரியாக உருட்டி, ஒரு சந்து விடாமல் அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மெட்ராஸ் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு எதிரி என்றால் குளிர் ஒன்றுதான்.

"எப்படிண்ணா இருக்கு? நேத்து சாயங்காலம் முழுக்க உக்காந்து அடைச்சேன். ஊசி நுழையற அளவுகூடக் காத்து வராது" என்றாள் வத்சலா. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "ஹீட்டரையும் ஃபுல்லா வெச்சுட்டா பாப்பா சமத்தா தூங்கிடும்."

சிதம்பரத்தின் வாய் திறந்தது. வத்சலா அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். வாசுதேவன் ஹாரன் அடித்தான்.

"சரிங்க அம்மிணி. பாத்துப் போயிட்டு வாங்க" என்றார் சிதம்பரம்.

கார் திரும்பி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார். சீ, இப்படியும் ஒரு மனிதனா என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

அறைக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு வழக்கம்போல ஃப்ராவ் லென்ஸ் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தாள். வெயிலோ பனியோ, தினமும் காலையில் பத்து நிமிஷம் அறைக்குள் புதுக்காற்று புகுந்தாக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். மற்ற விடுமுறை நாளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு மனசுக்குள் அவளைத் திட்டுவார். அன்றைக்கு அந்தக் குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

காரில் போகிறவர்கள் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். தலை வலித்தால் குளிரினால் என்று நினைத்து ஹீட்டரை இன்னும் கூட்டுவார்கள். குழந்தை அசையாமல் கிடந்தால் சமத்தாகத் தூங்குகிறது என்று சந்தோஷப்படுவார்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, தான் அப்பிய பசை உரிந்து விழுவது அவர் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மணியைப் பார்த்தார். ஒன்பது ஐந்து.

கீழே நடையில் டெலிபோன் இருந்தது. நெடுஞ்சாலைப் போலீஸைக் கூப்பிடச் சொல்லி ஃப்ராவ் லென்ஸிடம் கெஞ்சினார். போலீஸ் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. ஒன்றும் கேட்காமல் நம்பரைச் சுழற்றி ரிசீவரைக் கையில் கொடுத்தாள்.

தெரிந்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோனது. வெள்ளைக் கார், நம்பர் இது, வியூர்ஸ்பர்க் வழியாகப் போகிறது, உள்ளே குழந்தை, புகை, விஷம், நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாகக் கேட்டது, காரில் அப்படி ஒரு கோளாறு இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். தாளில் ஏறும். அந்தத் தாள் அனுமதி அலுவலகத்துக்குப் போகும். ஒன்பது வருஷமாக எந்தத் தாளிலும் ஏறாமல் சுவரோரமாக நடந்து வந்தவர்.

"அதை ரிப்பேர் செய்தது நான்தான்" என்றார். "சரியாகச் செய்யவில்லை. சரியாகிவிட்டது என்று பொய் சொன்னேன்." பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஃப்ராவ் லென்ஸ் காபி வைத்துவிட்டுப் போனாள், அது ஆறிப்போனது. வேண்டாத தெய்வமில்லை. மருதமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார், தலையில் முடி அதிகமில்லை என்பதுகூட நினைவில்லாமல்.

டெலிபோன் அடித்தது. வியூர்ஸ்பர்க்குக்கு முன்னாலேயே காரை மடக்கிவிட்டார்கள். ஓட்டியவருக்குத் தலைவலி, வாந்தி. அந்த அம்மாள் மயக்கத்தில் இருந்தாள், இறக்கிக் காற்றில் வைத்ததும் விழித்துவிட்டாள். குழந்தை முதலில் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகு அழுதது. இன்னும் அரை மணி ஓடியிருந்தால் என்று ஆரம்பித்த போலீஸ்காரர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ரயிலில் திரும்பினார்கள். திங்கட்கிழமை காரை லாரியில் ஏற்றி வந்தார்கள். வேறு எந்தப் பட்டறையில் வைத்தாலும் தினவாடகை என்பதால் பழைய முற்றத்திலேயே இறக்கினார்கள். வாசுதேவன் அங்கே நின்றுகொண்டு சிதம்பரத்தைப் பார்த்துக் கத்தினான்.

"கொன்னுருப்பியேய்யா! என் குழந்தையைக் கொன்னுருப்பே! இந்தக் கார்ல கை வெச்சே, நடக்கறதே வேற. ஜெர்மன் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கறேன்."

சிதம்பரம் தலையைக் குனிந்து நின்றார். அத்தனையும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றாள் வத்சலா. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சிதம்பரத்தின் எதிரே வந்து நின்றாள். அவளுக்கும் கோபம்தான். கண் சிவந்திருந்தது.

"அன்னிக்குக் காலைல உங்க மூஞ்சியே சரியில்ல. எனக்குத் தெரிஞ்சுது. பொங்கல் அவசரத்துல நான் கேக்கல. எத்தனை நட்டு கழட்டணும், எத்தனை கழட்டினீங்க, சொல்லுங்கோ."

"ரெண்டு கழட்டோணுமுங்க. ஒண்ணுதான் கழட்டுனனுங்க."

"ஏன்?"

"ஒடைஞ்சு போயிருமோன்னு பயந்துட்டனுங்க."

வத்சலா கணவனிடம் திரும்பினாள். "வேற மெக்கானிக் வந்தா, சரியாயிடுச்சுனு அவரும் ஒரு பேப்பர் குடுப்பார். அதை நம்பி மறுபடி நான் பாப்பாவைத் தூக்கிண்டு உள்ள உக்காரணும். என்னால முடியாது. இவர் மூஞ்சில பொய் நிக்காது. இவரே கழட்டட்டும். நான் இங்கயே நிக்கறேன்."

வாசுதேவன் காலால் பனியை உதைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

சிதம்பரம் அட்டையை விரித்துப் படுத்தார். டீசலை ஊற்றினார். சூடு காட்டினார். மெழுகைத் தேய்த்தார். மழுங்கிய நட்டின்மேல் ஒரு அளவு சின்ன ஸ்பானரைச் சுத்தியலால் தட்டி ஏற்றினார். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி.

"அசையறதா?" என்று மேலிருந்து வத்சலாவின் குரல் கேட்டது.

"இல்லீங்க."

"இப்போ?"

"அரைச் சுத்து வந்துருச்சுங்க அம்மிணி."

பின்முற்றத்தில் வேறு சத்தமே இல்லை. முக்கால் சுற்று. முனகியது. நிறுத்தினார், சூடு காட்டினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கைக்குள் ஸ்பானர் திடீரென்று லேசாகிவிட்டது. நட்டு கழன்று வரவில்லை. போல்ட்டோடு முறிந்து, மார்பின்மேல் வந்து விழுந்தது.

சிதம்பரம் அப்படியே கிடந்தார். காரின் அடியில் இருட்டு. வெளியே ஒரு ஜோடி பூட்ஸும் புடவைக் கரையும் தெரிந்தன. அவர் எதுவும் சொல்லாவிட்டால் மேலே நிற்பவர்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை.

தவழ்ந்து வெளியே வந்து, உள்ளங்கையை விரித்து, முறிந்த துண்டைக் காட்டினார்.

"ஒடைச்சுப் போட்டனுங்க அம்மிணி" என்றார். "எஞ்சினை எறக்கோணும். ஒரு வாரம் ஆகுமுங்க."

வத்சலா அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் குல்லாயை இழுத்துக் காதை மூடிவிட்டாள்.

"ஆகட்டும்ணா" என்றாள். "நாங்க எங்கயும் போகல."