குப்பண்ணனின் பெஞ்சு முறை

எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம் இருக்கும் பெருமாட்டி ஊர்க் குப்பண்ணனுக்குத் தென்னந்தோப்பு உண்டு, வாய்க்கால் தண்ணி உண்டு, மனசில் கள்ளங்கபடம் கிடையாது. ஒரே ஒரு கோளாறு, மனுஷனுக்குத் தனியாகச் சாப்பிடத் தெரியாது. பஸ்ஸில் கடலைப் பொட்டலம் பிரித்தால்கூட பக்கத்து சீட்டுக்காரர் கையில் பாதியைக் கொட்டிவிட்டுத்தான் தன் வாயில் போடுவார். அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கொடுப்பார்.

எல்லாம் ஊர்க் கள்ளு ஷாப்பில் படிந்த பழக்கம். அங்கே இருப்பது நீளப் பெஞ்சு. ஒருத்தருக்கு ஒரு கிளாஸ் கூடுதலாக வந்துவிட்டால் அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, அவர் யாராயிருந்தாலும் சரி. வாங்கிக்கொண்டவர் தன் மீன் வறுவல் தட்டை நடுவில் தள்ளிவைக்க வேண்டும். கொடுத்தவர் கேட்காமலே எடுத்துத் தின்னலாம். இதற்குப் பெஞ்சு முறை என்று பெயர். மீசை முளைத்த நாளிலிருந்து குப்பண்ணன் அதற்குக் கட்டுப்பட்டவர்.

இப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் கோயமுத்தூர் ஓட்டலில் சம்பந்தம் பேச உட்காரவைத்தார்கள். மகள் யோகப்பிரியா அங்கே கம்பெனி வேலையில் இருக்கிறாள். கூட வேலை செய்யும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா சித்ரா போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று: குடிவாடையே இல்லாத குடும்பமாக இருக்கணும். கள்ளு என்ற பேச்சு வாயில் வந்தால் கல்யாணம் போச்சு என்று வாளையார் செக்போஸ்ட் தாண்டும்வரை மனைவி சாந்தாமணி ஓதிக்கொண்டே வந்தாள். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதைத் தானே கெடுத்துவிடுவோமோ என்று குப்பண்ணனுக்குப் பயம்.

அவினாசி ரோட்டில் மாடி ஓட்டல். வாசலில் 'ஹேப்பி ஹவர்' என்று போர்டு. பொழுது சாய்வதற்குள் வந்தால் ஜூஸ், சோடா எது வாங்கினாலும் இன்னொன்று ஓசி. பையன் எல்லாருக்கும் எலுமிச்சை சோடா சொன்னான். அவன் அப்பா ராஜசேகர் கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். குப்பண்ணனும் சமர்த்தாகத் தோப்பில் தேங்காய் காய்ப்பதை மட்டும் சொன்னார். பாளையிலிருந்து வேறென்ன இறங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

சோடா வந்தது. அவர் முன்னால் ரெண்டு கிளாஸ். வாயைக் கட்டிவைத்த மனுஷன் கையைக் கட்டிவைக்க மறந்துவிட்டார். ஒரு கிளாஸ் தன்னால் பக்கத்து மேசைக்குப் போயிற்று. அங்கே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு இளவட்டம் பேந்தப் பேந்த விழித்தான். குடிங்க தம்பி என்று சொல்லிவிட்டு, குப்பண்ணன் அவன் தட்டிலிருந்து ஒரு காளான் வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பாதி மென்றபோதுதான் உறைத்தது. சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் குப்பண்ணனுக்கு அழுகையே வரும்போல ஆகிவிட்டது. காளானை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அடுத்தவங்க தட்டுல கை வெக்கறாரே, என்ன பழக்கமுங்க இது?" என்றார் சித்ரா.

"கிளாஸக் குடுத்துட்டாருல்ல, அப்பறம் தட்டுல எடுக்கறதுதான? அதான பெஞ்சு மொறை."

சொன்னது ராஜசேகர். வந்ததிலிருந்து பேசாத மனுஷன், கூட்டல் கணக்குச் சொல்வதுபோல ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

ஞாயிறானால் ஷாப் வாசலில் வந்து நிற்கும் கோயமுத்தூர்க் கார்களைக் குப்பண்ணனுக்குத் தெரியாதா என்ன? காளான் தானாக உள்ளே இறங்கியது. சொந்தக்காரனைக் கண்ட சந்தோஷம் நெஞ்சு முட்ட வந்தாலும், தலையைக் குனிந்து சோடாவை உறிஞ்சினார்.

"வாரந்தவறாம எல்லை தாண்டி கல்பாத்தி கோயிலுக்குன்னு கெளம்பறீங்களே," சித்ரா புருஷனிடம் மெதுவாகத்தான் கேட்டார், "அங்க பெஞ்சு போட்டிருக்காங்களா?"

ராஜசேகர் நெற்றி விபூதியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சித்ரா அவரைப் பார்த்தார், குப்பண்ணனைப் பார்த்தார், கடைசியில் சாந்தாமணி பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"தேதி பாத்துரலாமுங்க. இவரு எங்க உக்காந்திருக்காருன்னு போன் பண்ணிக் கேக்க, அந்தப் பக்கம் எனக்கு ஒரு சம்பந்தி வேணுமுங்க."