ஓதின பிள்ளையின் தகப்பன்

டைல்ஸ்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். தான் கண்ணை மூடினால் தன் மகனே முன்னால் நின்று ஜனாஸா தொழுகை நடத்த வேண்டும். அதற்காகவே முட்டி தேயத் தேய ஊரார் வீட்டுக் குளியலறைகளுக்கெல்லாம் தரை பதித்து, அவனை மதரஸாவில் ஓத வைத்தார்.

பையன் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்து ஹாபிஸாகிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு ராஜ மரியாதை. குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். ஒருநாள் அது அக்காவின் நெற்றியைக் கிழித்தது. கையை ஓங்கிய மனைவியை டைல்ஸ்காரர் ஓடிவந்து தடுத்தார்.

"அவன் நெஞ்சுல குர்ஆன் இருக்கு. அவனை அடிச்சா நமக்குத்தான் பாவம்."

திட்டு மகளுக்கு விழுந்தது. தரையில் தண்ணீர் ஓடும் வாட்டம் கொஞ்சம் தப்பினாலும் பெயர்த்துப் போடுகிற மனிதர், பெற்ற பிள்ளை கோணிப்போனதைப் பார்க்கவில்லையா? பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். ஓதுகிற காலத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் குர்ஆனின் முப்பது பாகத்தில் எத்தனை ஜுஸ்வு முடிந்தது என்று கேட்டாரே தவிர, யாரிடம் எப்படி நடந்துகொள்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மனைவி படுத்த படுக்கையானாள். அள்ளிப்போட்டுக் குளிப்பாட்டியதெல்லாம் மகள். மகன் வாசற்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, சுத்தத்தைப் பற்றி ஒரு ஹதீஸ் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான்.

அவள் இறந்த அன்று மகள் கட்டிலைப் பிடித்துக் கதறினாள். ஊரே பார்க்க, தம்பி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"சத்தம் போட்டு அழக் கூடாதுன்னு தெரியாது? படிக்காத ஜென்மம். வெளிய போ!"

சட்டம் சரிதான். தள்ளிய கையை என்னவென்று சொல்வது!

தொழுகையை நடத்தி முடித்து அவன் கையேந்தி துஆ கேட்டபோது, அந்தக் குரலில் கூட்டமே விம்மியது.

"கொடுத்து வச்சவர் பாய் நீங்க. நாளைக்கு உங்களுக்கும் இவரே நிப்பாரு," என்றார் பக்கத்தில் நின்றவர்.

டைல்ஸ்காரர் முன்னால் நின்ற மகனைப் பார்த்தார். தன்னையும் இப்படிக் கிடத்தி, அக்காவைப் பிடித்துத் தள்ளிவிட்டு, இதே தேன் குரலில் அல்லாஹ்விடம் கேட்பான். நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் போனார். அவள் அம்மாவின் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போனா அவன் நிக்க வேணாம்மா. வேற யாராவது தொழ வைக்கட்டும். ஜமாஅத்துல நீ சொல்லிடு."

அவள் நிமிரவே இல்லை.

"நான் சொன்னா யாரு கேப்பா அத்தா? இந்த வீட்லயே என் பேச்சு எடுபடாமப் பண்ணது நீங்கதானே."