மல்லாட்டைக் கொல்லைக்கு மேலே ஒரு நெபுலா

மாசி அமாவாசை. மதியம் ஒன்றே கால். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றபோது, என்னைவிட முட்டாள் இந்த மாவட்டத்தில் இல்லை என்று தோன்றியது. நெபுலாவைப் படம் பிடிக்க நிலா இல்லாத இரவு வேண்டும். மேல்மலையனூர் அம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் அதே இரவுதான் வேண்டும். செஞ்சிப் பேருந்துகளில் படிக்கட்டில்கூட இடமில்லை. சுற்று வழிதான் என்றாலும் திண்டிவனம் போய் அங்கிருந்து போனால் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டு, முப்பத்தெட்டு ரூபாய் டிக்கெட் எடுத்தேன். மலையனூருக்கு நேர்ந்துகொண்டவர்கள் விழுப்புரத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

நான் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஆறு வருடமாக, லீவு நாட்களில், வானத்தையும் எடுக்கிறேன். காணையிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் வருகிறவர்களை மெஷின் முன்னால் நிறுத்தி, "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்றதும் அடுத்த கேள்வி, "உங்க ஊர்ல தெருவிளக்கு எத்தனை?" என்பதுதான். பாதிப் பேர் நான் பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் என்று நினைத்துக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து தோள்வலியோடு வந்த பத்மா அக்கா மட்டும்தான், "விளக்கா? எங்க கொல்லையில இருட்டுதாங்க நிறைய இருக்குது. வந்து அள்ளிக்கினு போங்க" என்றார். அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் தேடிப் போனது கரீனா நெபுலா. தெற்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வந்துவிட்டு இறங்கிவிடும் வாயு மேகம். புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய எட்டாயிரம் வருடம் ஆகிறது. இது எனக்கு மூன்றாவது மாசி. முதல் வருடம் மேகம், போன வருடம் கேமராவைத் திருப்பும் மோட்டார் பழுது. பங்குனி வந்துவிட்டால் புழுக்கமும் புகைமூட்டமும் தெற்கை மூடிவிடும். இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம்தான்.

மூன்று மணி. திண்டிவனத்தில் செஞ்சிப் பேருந்தைப் பார்த்ததும் அழாத குறை. கோணியில் சுற்றிய கேமரா ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் தொற்றினேன். நடத்துநர் கோணியைப் பார்த்தார். மூன்று கால்களும் துருத்திக்கொண்டிருந்தன.

"சூலமா மா?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளே வழி பிறந்துவிட்டது. மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண்மணி எழுந்து, "அம்மனுக்குப் போறது, நிக்க வெச்சுக்கினு வரக்கூடாது, ஒக்காருங்க" என்று இடம் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் நான். ஆனாலும் உட்கார்ந்துகொண்டேன். இருபது கிலோமீட்டர் அளவில் ஒரு கூட்டு ரோட்டில் இறங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "சூலம் இங்க எறங்குது!" என்று பின்னால் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

பத்மா அக்காவின் வீட்டுக்காரர் தரணேந்திரன் மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் அரைப் பதில் சொல்கிற மனிதர். "ஜல்தி ஏறுங்க, பொழுது போறதுக்குள்ள சாப்பிடணும்" என்றார். அவர்கள் தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் சோறு கிடையாது, தரணேந்திரன் அண்ணனுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. ஐந்தே முக்காலுக்கு நான் ராத்திரிச் சாப்பாட்டை முடித்தேன். வெங்காயம் பூண்டு இல்லாத அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆறே முக்கால். கொல்லைக்குப் போனதும் என் தலையில் இடி விழுந்தது. மோட்டார் கொட்டகையின் நான்கு மூலையிலும் ஃபோகஸ் லைட். கல்யாண மண்டபம் போலப் பளீரென்று இருந்தது.

"பன்னிங்க மேடம்," என்றார் தரணேந்திரன். "பொங்கலுக்கு அப்புறம் ஒரே பேஜாரு. வர்ற வாரம் மல்லாட்டை புடுங்கணும். போன வருசம் பாதிக் கொல்லை அதுங்களுக்குத்தான்."

வேலியில் கரண்ட் விடுகிறவர்கள் உண்டு. அதில் பன்றி மட்டுமா சாகிறது, மனிதரும் சாகிறார்கள். அவர் அதைச் செய்ய மாட்டார். "ஒரு உசுரைக் கொன்னுட்டு வர்ற மல்லாட்டை நமக்கு எதுக்கு?" என்றார். ஆக, அந்த ஒன்றரை ஏக்கர் நிலக்கடலைக்கு வெளிச்சம் மட்டும்தான் காவல். அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்த வழியே போய்விடலாம் என்று கோணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தேன்.

அவர் கோணியின் முனையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ நேரம் மேடம் இருட்டா இருக்கணும்?"

"பதினொண்ணுல இருந்து ஒரு ஒன்றரை மணி நேரம் அண்ணா."

"நான் தகரம் தட்டிக்கினு சுத்துறேன். சத்தத்துக்கும் ஓடும்."

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு படமும் இரண்டு நிமிடம் பதிவாக வேண்டும். அதுவரை பூமியின் சுழற்சியை ஈடுகட்ட ஒரு சின்ன மோட்டார் கேமராவை மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கும். பக்கத்தில் அதிர்ந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக விழும். கேமராவின் டைமரில் ஒரு சிவப்புப் பொட்டைக் காட்டினேன். அது எரிகிறவரை அசையக்கூடாது, அணைந்ததும் பத்து விநாடி இடைவெளி, அதற்குள் தட்டிக்கொள்ளலாம். அவர் தலையாட்டினார். பிறகு கொட்டகைச் சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டி, "கிட்டத்துல சத்தம் கேட்டா ஒடனே லைட்டைப் போட்டுடுங்க மேடம். நான் அந்தக் கோடியில இருப்பேன்" என்றார்.

"கண்டிப்பா அண்ணா," என்றேன்.

பதினொன்று பத்து. விளக்குகள் அணைந்தன. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கால் மணி நேரத்தில் கண் பழகியது, வானம் இறங்கி வந்துவிட்டது. ஆறு வருடமாக வானம் பார்க்கிறவள் நான், ஆனாலும் கேமராவை மறந்து நின்றேன். விழுப்புரத்தில் என் மொட்டைமாடியில் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே எண்ணுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தெற்கே, பனைமரங்களின் தலைக்கு மேல், வெறும் கண்ணுக்கே ஒரு வெளுத்த திட்டு தெரிந்தது. அதுதான் கரீனா.

முதல் படம் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுக் கேமராவின் சின்னத் திரையைக் காட்டினேன். கறுப்பு வானத்தில் செம்பருத்தி நிறத்தில் ஒரு கறை, நடுவில் கிளைக்கிளையாய் இருட்டு. அவர் திரையைப் பார்த்தார், நிமிர்ந்து பனைமரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது எங்க கொல்லைக்கு மேலயா இருக்குது?"

"ஆமாண்ணா. வருசா வருசம்."

"எங்க அப்பாவும் இங்கதான் காவல் இருந்தாரு," என்றார். தகரத்தை எடுத்துக்கொண்டு கோடிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு நிமிடம் அமைதி, பத்து விநாடி தகரச் சத்தம், மறுபடி அமைதி. என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான உதவியாளர் எனக்குக் கிடைத்ததில்லை. ஃபிளாஸ்கில் காபி இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் நடந்துகொண்டிருக்க, எனக்குத் திறக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டு நாற்பது. முப்பத்து நாலாவது படம். நெபுலா அன்றைக்கு எட்டக்கூடிய உச்சியில் நின்றது. அடிவானத்தின் மங்கல் விலகி, அந்த இரவிலேயே தெளிவான நேரம். அப்போதுதான் எனக்கு இருபதடி தூரத்தில் செடி முறிகிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் உறுமல். டைமரைப் பார்த்தேன். இன்னும் எழுபது விநாடி இருந்தது.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போடவில்லை. மூன்று வருடம், மூன்று வருடம் என்று மனம் அடித்துக்கொண்டது. அறுபது, ஐம்பது. வேரோடு பிடுங்கி மெல்லுகிற சத்தம். சிவப்புப் பொட்டு அணைந்தது, நான் சுவிட்சைத் தட்டினேன், அதே நொடியில் தகரமும் அதிர்ந்தது. ஏழெட்டுப் பன்றிகள் வரப்பைத் தாண்டி ஓடின. நாலு சால் காலி, நாலு வரிசைச் செடி.

அண்ணன் ஓடி வந்து குனிந்து பார்த்தார்.

"சத்தம் கேட்ட ஒடனே போட்டுட்டேண்ணா," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

"ஆமாம்மா, இப்பதான் வந்துச்சுங்க," என்றார்.

அதற்குமேல் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விடிந்ததும், ஊரே அம்மனைப் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டு திரும்பிய பேருந்தில், கோணியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வந்து சேர்ந்தேன்.

அடுத்த பத்து நாள் வேலை முடிந்து வந்ததும் கணினிதான். முப்பத்து நாலு படங்களையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே படத்தில் புழுதியாகத் தெரிவது, சேரச் சேர அடங்கும். உண்மையான ஒளி மட்டும் மிஞ்சும். அப்புறம் கறுப்பையும் வெளுப்பையும் நகர்த்துவது, எக்ஸ்ரேயில் எலும்பைத் தெளிவாக்குகிற அதே வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் எழுந்தது: செக்கச் சிவந்த மேகம், அதன் ஓரங்களில் பொன் நிறம், நடுவில் கருந்தூசியின் பள்ளத்தாக்கு. ஒரு கொல்லையிலிருந்து இதைப் பார்த்தோமா என்று நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். எட்டாயிரம் வருடத்துக்கு முன் கிளம்பிய வெளிச்சம். என்னால் ஒரு மனிதருக்கு எழுபது விநாடி உண்மையாக இருக்க முடியவில்லை. முப்பத்து நாலாவது படத்தை நீக்கிவிடலாமா என்று இரண்டு முறை கை போயிற்று. நீக்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் தெளிவான படம்.

அமாவாசைக்குப் பின் வந்த இரண்டாவது ஞாயிறு, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பேருந்தில் தாராளமாக இடம் இருந்தது. கொல்லை பிடுங்கியாகிவிட்டது. வாசலில் செடிகளைக் குவித்துப் போட்டு இருவரும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். படத்தைக் கொடுத்தேன். பத்மா அக்கா, "எம்மாடி!" என்றார். அண்ணன் கை மண்ணைத் துடைத்துக்கொண்டு, விளிம்பை மட்டும் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அண்ணா, அன்னிக்கு நான் ஒடனே லைட்டைப் போடல. சத்தம் கேட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல சும்மா நின்னேன். பொய் சொல்லிட்டேன்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் கேட்டுச்சும்மா. அதுங்க பின்னாடியேதான் வந்தேன். பத்தடியில தகரத்தை வெச்சுக்கினு நின்னுக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன்ணா தட்டல?"

"செவப்பு எரிஞ்சுக்கினு இருந்துச்சே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்மா அக்கா ஆய்ந்த காயைக் கையில் வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு சாலு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க," என்றார். பிறகு படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பின்மேல் விரலை நகர்த்தினார். "அந்த நாலு சாலு இதுல எங்கம்மா இருக்குது?"

"எல்லா இடத்துலயும் இருக்குது அக்கா," என்றேன்.